யாரிடம் கேட்கிறார்கள்?

உதகமண்டலத்தில் கோடை வாசம் செய்து திரும்பும் நம்மவர்கள் தோடர்களைப் பற்றி இரண்டு விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். ஒன்று, சிவப்பும் கறுப்புமாய்ப் பூவேலை செய்த வெள்ளைப் போர்வை. மற்றொன்று, பீப்பாயைப் பாதியாய் அறுத்துக் கவிழ்த்தாற் போன்ற குடிசை. அவர்களுடைய பாட்டைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் மிகச் சிலரே. அப்பாட்டையும் பிரார்த்தனையையும் விரிவாக எழுதி வைக்க இங்கிலாந்திலிருந்து ஒருவரும், கானடாவில் பிறந்த ஒருவரும் வர வேண்டியிருந்தது. நினைக்கச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதலில் வந்தவர் ரிவர்ஸ். 1901-02-இல் ஆராய்ந்து 1906-இல் நூல் வெளியிட்டார். தோடர்களுக்குப் பால்மனையே கோயில். அங்கே சொல்லும் மந்திரத்தின் முற்பகுதி வெறும் பெயர்களே என்கிறார் அவர்: எருமைகள், மந்துகள், பால்மனைக் கலங்கள் என்று வரிசையாக வரும். 'இவற்றின் பொருட்டு' என்று சொல்லிவிட்டு, நோய் அணுகாதிருக்கவும், கொடிய விலங்கு வராதிருக்கவும், புல்லும் நீரும் பெருகவும் வேண்டுவார்கள். எந்தத் தெய்வத்தையும் 'நீ அருள்வாய்' என்று நேரே விளிப்பதில்லை. வேண்டுதல் தெளிவாயிருக்கிறது, கேட்கப்படுபவர் யார் என்பது மட்டும் சொல்லப்படவில்லை. பெயர்கள் சிலவற்றின் பொருள், சொல்பவர்களுக்கே மறந்துபோயிருந்தது.

சடங்கு தழைத்து நம்பிக்கை மெலிந்த மதம் இது என்று ரிவர்ஸ் கருதினார். நமக்கு அது முற்றும் சம்மதமில்லை. நம் வீட்டுக் கலியாணத்தில் ஓதப்படும் மந்திரத்துக்குப் பொருள் அறிந்தவர் பந்தலில் எத்தனை பேர்? அதனால் தாலிக்கு மதிப்புக் குறைந்துவிட்டதா?

அவர் குறித்துவைத்த மறு உலகக் கதையையே பாருங்கள். மேற்கே அமுனோர் என்னும் உலகம். அதை ஆள்பவன் ஓன் என்னும் தேவன். மகன் இறந்த துயரம் தாங்காமல் தானும் அங்கே போய்விட்டவன்! இறந்தோர் அங்கும் எருமைகளோடு வாழ்கிறார்கள். நடந்து நடந்து கால் முழங்கால் வரை தேய்ந்ததும் மீண்டும் இவ்வுலகுக்கு அனுப்பப்படுகிறார்கள். தீயவர் அட்டைகள் நிறைந்த ஆற்றில் விழுந்து சில காலம் வருந்துவர். பிறகு அவர்களும் கரையேறுவர். நித்திய நரகம் என்ற பேச்சே இல்லை. மரணத்தை அறியாத கடவுளைவிட, பிள்ளையைப் பறிகொடுத்த இக்கடவுள் நமக்கு நெருங்கியவனாகவே தோன்றுகிறான்.

1935 முதல் 1938 வரை நீலகிரியில் ஆராய்ச்சி செய்த எமெனோ தொகுத்த பாட்டுக்கள் 1971-இல் 'தோடர் பாட்டுக்கள்' என்று ஆங்கிலப் பெயருடன் வெளிவந்தன. எழுத்தில்லாத மொழி; ஆயினும் பாட்டுக் கட்டத் தெரியாத தோடர் அரிது. மூன்று அசை கொண்ட துண்டுகள். ஒன்று சொன்னால் அதற்கு இணையாக மற்றொன்று வரவேண்டும். சாவுக்கும் பாட்டு, கூத்துக்கும் பாட்டு. விஷயத்தை உடைத்துச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவதே சாமர்த்தியம். கேட்பவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டும். நம் சிவவாக்கியர் ஐயம் வந்தால் சண்டைக்கே நிற்பார். தோடர் பாட்டோ வாதாடுவதில்லை. தெரிந்த மலையையும் எருமையையும் பாடிவிட்டுத் தெரியாததை அப்படியே விட்டுவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் தோடர்களில் சிலர் கிறிஸ்தவராயினர். 2011 கணக்கின்படி அவர்கள் தொகை இரண்டாயிரத்தை ஒட்டியது. மந்தைகளும் குறுகிவிட்டன. புல்வெளிகளில் பெரும்பகுதியைத் தேயிலையும் சீகை மரமும் தைல மரமும் பிடித்துக்கொண்டன. மந்திரத்தில் பெயர் சொல்லி வணங்கும் மேய்ச்சல் நிலங்களையும் அவை விட்டுவைக்கவில்லை.