பத்தாவது வந்தா ஸ்கார்ஃபைக் கழட்டிடணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசும்போது திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இந்த வாரத் தலைப்பு எங்க வீட்டிலிருந்தே வந்தது.

போன ஞாயித்துக்கிழமை அக்கா போன் பண்ணாங்க. அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். ஸ்கூல்ல என்.சி.சி. ஃபார்ம் கொடுத்திருக்காங்க, பெற்றோர் கையெழுத்துப் போடணும். "சனிக்கிழமை காலையில பரேடாம்டா. அதே நேரத்துல அவனுக்கு மேத்ஸ் டியூஷன். நீ சொன்னா கேப்பான், வேண்டாம்னு சொல்லிடு"ன்னாங்க. பின்னாடி அவன் குரல்: "மாமா, வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

ரெண்டு நாள் டைம் கேட்டேன். இந்த விஷயத்துல எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஸ்கூல்ல இருக்கிற இந்த மன்றம், படை, கிளப் எல்லாம் என்னன்னு ஒழுங்கா பார்த்துடலாம். நம்மில் பலருக்கு அதெல்லாம் நோட்டீஸ் போர்டுல பார்த்த பேர்தான்.

என்னென்ன இருக்கு?

தமிழ்நாட்டு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள்ல இருக்கிறதை மூணு வகையாப் பிரிக்கலாம்.

முதல் வகை, சீருடை போடுற அமைப்புகள். என்.சி.சி., அதாவது தேசிய மாணவர் படை, 1948-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் வந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குது. பள்ளி அளவுல பையன்களுக்கு ஜூனியர் டிவிஷன், பெண்களுக்கு ஜூனியர் விங். அடுத்தது சாரணர் சாரணியர் இயக்கம். இந்தியாவில் தனித்தனியா இருந்த சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று ஒண்ணாச் சேர்ந்து பாரத சாரண அமைப்பா ஆச்சு. ஜே.ஆர்.சி., அதாவது இளம் செஞ்சிலுவைச் சங்கமும் இந்த வரிசைதான். உடல்நலம், சேவை, நட்பு இந்த மூணும் அதோட நோக்கம். முதலுதவிப் பெட்டியோட விளையாட்டு விழாவுல ஓரமா நிப்பாங்களே, அவங்கதான்.

ரெண்டாவது வகை, சேவை. என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல், காந்தி நூற்றாண்டு ஆண்டில், கல்லூரிகள்ல ஆரம்பிச்சது. பின்னாடி மேல்நிலை வகுப்புகளுக்கும் வந்தது. வருஷத்துல ஒரு தடவை ஏழு நாள் சிறப்பு முகாம் உண்டு. ஏதாவது ஒரு ஊர்ல தங்கி, குளம் சுத்தம் பண்ணி, மரம் நட்டு, ராத்திரி கலைநிகழ்ச்சி போட்டு வர்றது. தேசிய பசுமைப் படைன்னு சுற்றுச்சூழலுக்குத் தனியா ஒண்ணு இருக்கு.

மூணாவது வகை, மன்றங்கள். இலக்கிய மன்றம், கணித மன்றம், அறிவியல் மன்றம், வினாடி வினா. பல ஸ்கூல்ல இலக்கிய மன்றம்னா வருஷத்துக்கு ஒரு தொடக்க விழா, ஒரு நிறைவு விழா. நடுவுல ஒண்ணும் இருக்காது. நீங்க சிரிக்கிறது கேக்குது.

ஆனா அரசுப் பள்ளிகள்ல 2022-க்கு அப்புறம் இதுல கொஞ்சம் மாற்றம் வந்திருக்கு. கலைத் திருவிழா வந்தது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம்னு படிப்படியா போட்டி. மாநில அளவுல ஜெயிச்சா கலையரசன், கலையரசி பட்டம். சிறார் திரைப்பட விழாவில் படம் போட்டுக் காட்டி, பசங்களையே விமர்சனம் பண்ணச் சொல்றாங்க. ஆறாவது முதல் எட்டாவது வரைக்கும் அறிவியல், கணக்கைச் செஞ்சு பார்த்துப் புரிஞ்சுக்க வானவில் மன்றம். 2024-ல் மகிழ் முற்றம்னு குழு முறை வந்தது. நம்ம காலத்துல ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ்னு இருந்துச்சே, அதுக்குப் பதிலா இங்க குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. "நான் பாலைடா"ன்னு ஒரு ஆறாவது படிக்கிற குட்டி பெருமையா சொல்றதைக் கேக்கணும்.

ஒரு சின்ன கிளைக்கதை

என்.சி.சி. பத்திப் பேசினா இதைச் சொல்லாம போக முடியாது. அங்க கட்டளைகள் எல்லாம் இந்தியில இருக்கும். சாவ்தான், விஷ்ராம். நேரா நில், தளர்வா நில். 1968 ஜனவரியில, அண்ணா முதல்வரா இருந்தப்போ, தமிழ்நாடு சட்டமன்றம் மொழி பற்றி ஒரு தீர்மானம் போட்டது. இருமொழிக் கொள்கை அதுலதான் வந்தது. அதே தீர்மானத்துல என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகளை விடணும்னும் கேட்டிருந்தாங்க. ஒரு ஸ்கூல் மைதானத்துல சொல்ற ரெண்டு வார்த்தை சட்டமன்றம் வரைக்கும் போன கதை இது. பரேடுக்குப் போற பல பசங்களுக்கு இது தெரியாது. அவங்க கவனமெல்லாம் பரேடு முடிஞ்சதும் கொடுக்கிற டிஃபன் மேலதான்.

இது உண்மையில என்ன கத்துக் கொடுக்குது?

"தலைமைப் பண்பு, ஆளுமை வளர்ச்சி"ன்னு எல்லா நோட்டீஸ்லயும் போட்டிருக்கும். அது எப்படி வருதுன்னு யாரும் சொல்றதில்ல. எனக்குத் தெரிஞ்ச சாரணர் முறையை வச்சுச் சொல்றேன்.

அங்க வகுப்பு மாதிரி நாப்பது பேர், ஒரு வாத்தியார் கிடையாது. ஆறு முதல் எட்டு பேர் ஒரு அணி. அணித் தலைவர் அதே வயசுப் பையன் இல்லன்னா பொண்ணு. சமையலா, கூடாரம் போடுறதா, முடிச்சுப் போடக் கத்துக்கிறதா, எல்லாம் அந்த அணிக்குள்ளதான். பெரியவங்க தள்ளி நிப்பாங்க. பதினாலு வயசுல ஏழு பேரோட பசிக்கு நீங்க பொறுப்புன்னா, அந்தப் பொறுப்பு எந்தப் பாடப் புத்தகத்துலயும் கிடைக்காது. முக்கியமா, அங்க தப்பு பண்ணா மார்க் போகாது. சோறுதான் அடிப்பிடிக்கும். அதையும் சேர்ந்து உக்காந்து சாப்பிட்டாகணும்.

இந்த முறையைத் தொடங்கின பேடன் பவல், 1907-ல் இங்கிலாந்துல பிரௌன்ஸீ தீவுல சுமார் இருபது பசங்களை வச்சு முதல் முகாம் நடத்தினார். ஈட்டன் மாதிரி பணக்காரப் பள்ளிகள்ல படிச்ச பசங்களையும், பக்கத்து ஊர்த் தொழிலாளர் வீட்டுப் பசங்களையும் ஒரே அணிகள்ல கலந்து விட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்துல அது சாதாரண விஷயம் இல்ல. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வருவேன்.

சான்றிதழ் என்ன தரும், என்ன தராது?

அக்கா கேட்ட நேரடிக் கேள்வி இதுதான். "இதனால காலேஜ் சீட் கிடைக்குமா?"

நேர்மையாச் சொல்றேன். பள்ளியில ரெண்டு வருஷம் முடிச்சா எழுதுறது என்.சி.சி. 'ஏ' சான்றிதழ் தேர்வு. அதுக்கு 75 சதவீதம் வருகையும், ஒரு முகாமும் வேணும். 'பி', 'சி' ரெண்டும் அதுக்கு மேல சீனியர் டிவிஷன்ல. ராணுவத்துல அதிகாரியா சேர எழுத்துத் தேர்வு இல்லாம நேரா நேர்முகத்துக்குப் போற சிறப்பு வழி 'சி' சான்றிதழ்க்காரங்களுக்குத்தான், அதுவும் டிகிரியோட. அதனால ஒன்பதாவதுல சேர்றது ஒரு நீளமான படிக்கட்டோட முதல் படி. அதுவே பெரிய கதவைத் திறந்துடாது.

சாரணர்லயும் அப்படித்தான். பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், த்ருதீய சோபான், அப்புறம் ஆளுநர் தர்ற ராஜ்ய புரஸ்கார், கடைசியா குடியரசுத் தலைவர் விருது. ஒவ்வொரு படிக்கும் நடுவுல மாசக்கணக்கா பயிற்சி. ஆறாவது, ஏழாவதுல ஆரம்பிச்சாத்தான் பள்ளிப் படிப்பு முடியறதுக்குள்ள மேல போக முடியும். ஒன்பதாவது முடிஞ்சதும் "இனிமே படிப்பு மட்டும்தான்"னு நிறுத்திட்டா, பாதிப் படிக்கட்டுல இறக்கி விட்ட மாதிரி.

என்னை அப்படித்தான் இறக்கி விட்டாங்க.

என் கணக்கு

நான் எட்டாவது, ஒன்பதாவதுல சாரணர்ல அணித் தலைவன். எங்க அணியில ஏழு பேர். சாரணர் பொறுப்பு டிராயிங் சாருக்கு. ஒரு தடவை மாவட்ட முகாமுக்குப் போனப்போ என் கையில இருநூறு ரூபா கொடுத்து, "உன் அணிக்குக் காய்கறி வாங்கிட்டு வா, பைசா பைசாவா கணக்கு வேணும்"னார். வீட்டைத் தவிர வேற ஒரு பெரியவர் என்னை நம்பிப் பணம் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கத்திரிக்காய் வாங்கக் கடை கடையா அலைஞ்சேன்.

பத்தாவது வந்துச்சு. முதல் வாரமே ஹெச்.எம். அசெம்பிளியில சொல்லிட்டார்: பத்தாவதுக்கு மன்றம் கிடையாது, விளையாட்டு கிடையாது. பி.இ.டி. பீரியடும் கணக்குக்குப் போச்சு. ராஜ்ய புரஸ்கார் தேர்வுக்குத் தயாராகிட்டிருந்தேன். ஸ்கார்ஃபை மடிச்சு பீரோவுல வச்சேன். இன்னிக்கு என் பத்தாவது கணக்கு மார்க் என்னன்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லணும். அந்த இருநூறு ரூபா கணக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. மீதி ஆறு ரூபா.

ஆனா நான் சொல்ல வந்த பாக்கி இது இல்ல.

அந்த முகாமுக்கு எங்க அணியில ஆறு பேர்தான் போனோம். ஏழாவது ஆள் வரல. முடிச்சுப் போடுறதுல எங்க எல்லாரையும் விட அவன்தான் கெட்டிக்காரன். "பாட்டி ஊருக்குப் போறேன்"னு சொன்னான். நான் தலைவன் இல்லையா, எல்லார் முன்னாடியும் திட்டினேன். "உனக்குப் பொறுப்பே இல்லடா"ன்னேன். வருகைப் பதிவேட்டுல அவன் பேருக்கு எதிர்ல சிவப்பு மையில ஆப்சென்ட் போட்டேன். கொஞ்ச நாள்ல அவன் சாரணருக்கு வர்றதையே நிறுத்திட்டான்.

காலேஜ் முடிச்ச பிறகு ஒரு கல்யாண வீட்டுல பார்த்தோம். பந்தியில பக்கத்துல உக்காந்தான். பேச்சுவாக்குல சொன்னான்: "பாட்டி ஊரெல்லாம் இல்லடா. முகாம் ஃபீஸும் சீருடையும் சேர்த்து வீட்டுல கேக்க முடியல. அப்பாவுக்கு அப்போ வேலை இல்ல." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். எனக்குத்தான் அடுத்த வாய் சோறு இறங்கல.

அணியில ஏழு பேர் பசிக்கு நான்தான் பொறுப்புன்னு பெருமைப்பட்டவன் நான். ஏழாவது ஆள் ஏன் வரலன்னு ஒரு தடவை தனியாக் கூப்பிட்டுக் கேக்கத் தோணல. சாரும் கேக்கல, ஸ்கூலும் கேக்கல. பிரௌன்ஸீ தீவுல கலந்து விட்டதைத்தான் நாங்க ஃபீஸ் வச்சுப் பிரிச்சுட்டோம்.

சரி, கையெழுத்துப் போடலாமா?

உங்க வீட்டுல தம்பி, தங்கச்சி, அக்கா பிள்ளைங்க யாராவது ஃபார்மோட வந்தா, கையெழுத்துக்கு முன்னாடி ஸ்கூல்ல நாலு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, வாராவாரம் உண்மையிலேயே நடக்குதா, இல்ல போட்டோவுக்கு மட்டுமா? ரெண்டு, பொறுப்பு ஆசிரியர் யாரு, அவருக்கு இதுல பயிற்சி உண்டா? மூணு, பத்தாவது வந்தா என்ன ஆகும்? தொடர விடுவாங்களா? நாலு, மொத்தச் செலவு எவ்வளவு, கொடுக்க முடியாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?

நாலாவது கேள்வியை உங்க வீட்டுக்குத் தேவை இல்லன்னாலும் கேளுங்க. ஒரு பெற்றோர் கேட்டாத்தான், கேக்க முடியாத இன்னொரு வீட்டுக்கு வழி பிறக்கும். சம்பாதிக்கிற வயசுக்கு வந்துட்ட நீங்க, படிச்ச ஸ்கூலுக்குப் போன் பண்ணி, "இந்த வருஷம் முகாமுக்குப் பணம் இல்லாம நிக்கிற பசங்க இருக்காங்களா?"ன்னு விசாரிக்கலாம். பேர் கேக்க வேண்டாம், எத்தனை பேர்னு கேட்டா போதும்.

அக்காகிட்ட இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அப்போ டியூஷன்?"னாங்க. அந்த டியூஷன் மிஸ்கிட்ட பேசி ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்கு மாத்தியாச்சு. ஃபார்ம்ல கையெழுத்தும் ஆச்சு. பையன் நேத்து போன் பண்ணி பூட்ஸ் பத்தியே பத்து நிமிஷம் பேசினான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்: "உன் ஃப்ரெண்ட்ஸ்ல யாராவது சேரணும்னு ஆசைப்பட்டு ஃபார்ம் கொடுக்காம இருக்காங்களாடா?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "ஒருத்தன் இருக்கான் மாமா. கேட்டுட்டுச் சொல்றேன்"னான்.

"தனியாக் கூப்பிட்டுக் கேளு"ன்னேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.