பொறி பேணலும் பொருட்செலவும்

கோழி பதப்படுத்தும் ஆலையில் அறுத்த கோழிகள், மேலே ஓடும் சங்கிலியின் கொக்கிகளில் தொங்கியவண்ணம் ஒரு பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன. ஆதலின் ஒரு பொறி நின்றால் வரிசை முழுவதுமே நின்றுவிடும். மணிக்கு 6,000 கோழிகள் செல்லும் வரிசை 10 நிமிடம் நின்றால் 1,000 கோழிகளின் வேலை தடைப்படும். இறகு தளர்வதற்காக 50 முதல் 60 பாகை செல்சியஸ் வெந்நீர்த் தொட்டியில் இறக்கப்பட்டவை அளவுக்கு மீறி வெந்து கெடும். கூலியோ நிற்பதில்லை.

இறகு பறிக்கும் பொறியை நோக்குவோம். அதன் சுழல்தட்டுகளில் செருகிய இரப்பர் விரல்களே இறகைப் பறிப்பவை. வெப்பமும் கொழுப்பும் பட்டு அவை நாளடைவில் தேயும், வெடிக்கும். தேய்ந்த விரல் இறகை விட்டுவைக்கும்; எஞ்சியதைக் கையால் பறிக்க ஆள் வேண்டும். வெடிப்புகளில் கிருமிகள் தங்கும். முறிந்த துண்டு இறைச்சியில் கலக்கவும் கூடும். சிறு விரலை மாற்றாது மிச்சம் பிடிப்பவர் பெரும்பொருளை இழக்கிறார்.

அவ்வாறாயின் எல்லா உறுப்புகளையும் அடிக்கடி மாற்றலாமோ? அதுவும் வீண்செலவே. தேயாத உறுப்பை எறிவது போட்ட முதலை எறிவதாகும். பேணும் செலவு, பழுதால் வரும் இழப்பு ஆகிய இரண்டின் கூட்டுத்தொகை எங்கு மிகக் குறைகிறதோ, அங்கேயே சரியான அளவு உளது.

அவ்வளவை அறியும் வழி யாது? ஒவ்வோர் உறுப்பும் எத்தனை நாள் உழைத்தது, எப்பொழுது பழுதுற்றது என ஏட்டில் குறித்து வருதல் வேண்டும். வேலை முடிந்து பொறிகளைக் கழுவும் வேளையிலேயே சோதித்து, தேய்ந்தவற்றை மாற்றிவிடல் வேண்டும். இன்றியமையாத மாற்றுறுப்புகள் கையிருப்பில் இருத்தல் வேண்டும். அளவறிந்து பேணும் ஆலைக்கே விளைவும் பெருகும். செலவும் கட்டுக்குள் நிற்கும்.