பின் இருசில் எண்ணெய்க் கசிவு

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய இரு பருவங்களிலும் தொளி கலக்கும் வேலை இப்பொழுது பெரும்பாலும் டிராக்டரால் நடைபெறுகிறது. கேஜ் வீல் பூட்டிய டிராக்டர் நாள் முழுவதும் சேற்றில் உழல்கின்றது. அச்சேற்று நீருக்கும், பின் இருசைத் தாங்கிச் சுழலும் பேரிங்குக்கும் நடுவே காவலாக நிற்பது ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் ஒன்றேயாகும்.

கட்டை வண்டி ஓட்டிய நாளில், வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து மை இடுவது வழக்கம். மை வழிந்துபோனால் மறுபடியும் இட்டுக்கொண்டு புறப்படுவார்கள். அந்தப் பழக்கமே இன்றும் சிலரிடம் நிலைத்துள்ளது. பின் சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய் வழிவதைக் கண்டால், குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பி வேலையைத் தொடர்கிறார்கள். இது பெரிய அபாயத்துக்கு இடமாகும். பிரேக் உலர்ந்த நிலையில் வேலை செய்யும்படி அமைந்த மாதிரிகளில், கசிந்த எண்ணெய் நேரே பிரேக் லைனிங்கை நனைத்துவிடும். ஒரு பக்கத்து லைனிங் மட்டும் நனைந்திருப்பின், பிரேக்கை மிதித்தவுடன் வண்டி மறுபக்கம் இழுத்துக்கொண்டு போகும். நெல் மூட்டை ஏற்றிய டிரெயிலருடன், மேலே ஆட்களும் அமர்ந்திருக்க, கன்னடியன் கால்வாய் அல்லது கோடகன் கால்வாயின் குறுகிய கரையில் வருங்கால் இவ்விதம் நேர்ந்தால் என்னவாகும் என்பதை விவசாயிகளே ஊகிக்கலாம்.

சீலை மாற்றிய ஒரே மாதத்தில் மீண்டும் கசிகிறது என்று சொல்லுவோர் பலர். குற்றம் பெரும்பாலும் புதிய சீலினுடையதன்று. அதன் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும். முதலாவது, பிரீதர் எனப்படும் மூச்சுத் துவாரம். ஓட்டத்திற் சூடேறும்பொழுது உள்ளேயுள்ள காற்று விரிந்து இத்துவாரத்தின் வழியே வெளிச்செல்லவேண்டும். அது சேற்றால் அடைபட்டிருந்தால் காற்றின் அழுத்தம் எண்ணெயைச் சீலின் உதட்டருகே பிதுக்கித் தள்ளும். சூடேறிய இருசு வயல் நீரிற் குளிர்ந்தவுடன் உட்காற்று சுருங்கி, அதே இடுக்கு வழியாகச் சேற்று நீரை உறிஞ்சும். எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பது நீர் புகுந்ததன் அடையாளம். இரண்டாவது, தேய்ந்த பேரிங். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி மேலும் கீழுமாக அசைத்தால் ஆட்டம் தெரியும். ஓடுகையில் உறுமலும் கேட்கும். ஆடுகின்ற இருசின்மேல் எந்தச் சீலும் நில்லாது. மூன்றாவது, சீல் உரசும் இடத்தில் இருசில் விழுந்த பள்ளம். விரல் நகத்தை அதன்மேல் ஓட்டினால் தட்டுப்படுமாயின் அங்கே மெல்லிய எஃகு உறை ஏற்றவேண்டும், அல்லது இருசையே மாற்றவேண்டும். இவற்றோடு, வைக்கோலும் கட்டுக் கயிறும் இருசிற் சுற்றிச் சீலை அறுப்பதும் உண்டு. மாலையில் கேஜ் வீலைக் கழுவும் ஆள் இதையும் பார்த்துவிட்டால் ஐந்து நிமிஷ வேலைதான்.

பழுது பார்ப்பதற்கு ஏற்ற காலம் பிசான அறுவடைக்குப் பின்னர், கார் நாற்றுப் பாவுவதற்கு முன்னராகும். ஆற்றில் நீரிருக்கும் ஆண்டுகளில் ஜூன் தொடக்கத்திலேயே பாபநாசம் அணை திறக்கப்படுவதால், அதற்குள் முடித்துக்கொள்வது நலம். வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்து, ஜாக்கியால் தூக்கியபின் உறுதியான கட்டைகளின்மேல் இருத்தவேண்டும். ஜாக்கியை மாத்திரம் நம்பி அடியில் கை வைக்கலாகாது. பாரத்துக்காகத் தண்ணீர் நிரப்பிய டயராயின் அதன் எடை மிக அதிகம். ஒருவர் தனியே கழற்ற முற்படக்கூடாது.

இருசை வெளியே எடுக்கும்பொழுது ஷிம் தகடுகள் எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று குறித்து, பக்கவாரியாகக் கம்பியிற் கோத்து வைக்கவேண்டும். பேரிங்கை இறுக்கும் காலர் வளையம் உள்ள மாதிரிகளில், அவ்வளையத்தை இருசு படாதபடி அராவி உளியால் பிளப்பதே முறை. காஸ் நெருப்பை இருசின்மேற் காட்டினால் எஃகின் பதம் கெட்டுவிடும். புதிய பேரிங்கை எண்ணெயில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் எளிதில் ஏறும். கிரீஸ் அடைத்து இருபுறமும் மூடிவரும் பேரிங்கை மட்டும் எண்ணெயில் அமிழ்த்தலாகாது, அழுத்துகருவியாலேயே ஏற்றவேண்டும். அழுத்துவது உள்வளையத்தின்மேல்தான், வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் தடத்தில் வடுப்பதிந்து, புதிய பேரிங்கும் சில நாட்களில் உறுமத் தொடங்கும்.

சீலைப் பொருத்துமுன் அதன் உதட்டில் எண்ணெய் தடவுக. சுருள்வில் உள்ள முகம் எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்கவேண்டும். மாற்றிப் போட்டுவிட்டு மறுபடியும் கழற்றுவது பட்டறைகளில் அபூர்வமன்று. சுத்தியலால் ஓரத்தில் தட்டாமல், சரியான விட்டமுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சீராக இறக்குக. எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலிற் கழுவியோ நெருப்பில் வாட்டியோ திரும்பப் பூட்டுவது வீண், மாற்றியே ஆகவேண்டும். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும் ஆதலால், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

பூட்டி முடித்தபின் மூச்சுத் துவாரத்தைக் கழற்றிக் கழுவி, கம்பெனிப் புத்தகம் குறிக்கும் எண்ணெயைக் குறித்த அளவுக்கே நிரப்புக. அளவுக்கு மீறினாலும் கசியும். முதல் நாள் சேற்றில் இறக்காமல் உலர்ந்த தரையில் ஓட்டி, நிறுத்தியவுடன் இருபக்கத்து இருசு உறைகளையும் தொட்டுப் பார்க்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் கைவைக்கவொண்ணாதபடி சுட்டால், ஷிம் தகடுகளின் கணக்கை மறுபடியும் சரிபார்த்த பிறகே வயலுக்கு ஓட்டுக.