தேதி வாங்கித் தருகிறவர் எதை வாங்கிக்கொள்கிறார்?

2025 மார்ச் 26 அன்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 'பாட்' எனப்படும் தானியங்கி மென்பொருள் மூலம் பதிவான சுமார் 2,000 விசா அப்பாயின்ட்மென்ட்களை ரத்து செய்கிறோம், அவற்றோடு தொடர்புடைய கணக்குகளுக்குத் தேதி எடுக்கும் வசதியையும் நிறுத்திவைக்கிறோம் என்றது அது. பாட்களை இயக்கியவர்கள் ஏஜென்ட்கள். தேதி பறிபோனதோ பயணம் போக வேண்டியவர்களுக்கு. காசு வாங்கிக்கொண்டு கம்பி நீட்டும் ஏஜென்ட்களைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது, அதில் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. என் கவலை வேறு ரகத்து ஏஜென்ட்டைப் பற்றியது. சொன்னபடி தேதி எடுத்துத் தருகிறவர், நாலு பேருக்குச் சிபாரிசு செய்யப்படுகிறவர், அவரிடம்தான் கூடுதல் எச்சரிக்கை தேவை என்பது என் வாதம். காசோடு ஓடிப்போனவரால் போவது காசு மட்டும். வேலையை முடித்துக் கொடுப்பவர் அதை நம் பெயரில் முடிக்கிறார்.

இந்த வியாபாரம் எப்படி முளைத்தது என்று பார்த்தால் இது விளங்கும். கொரோனா காலத்தில் தூதரகங்கள் கதவை மூடின. திறந்தபோது தேங்கிக் கிடந்த கூட்டம் மொத்தமும் வந்து மோதியது. 2022 இறுதியில், முதன்முறையாக அமெரிக்கச் சுற்றுலா விசா கேட்பவர் இந்தியாவின் சில தூதரகங்களில் நேர்காணலுக்குக் காத்திருக்க வேண்டிய காலம் 1,000 நாட்களை நெருங்கியது. நிலைமை பிறகு தளர்ந்தாலும் பழக்கம் போகவில்லை. யாரோ ஒருவர் ரத்து செய்த தேதியோ புதிதாக விடப்பட்ட ஸ்லாட்டோ, முன்னறிவிப்பின்றி, நடுராத்திரியில்கூடத் திரையில் தோன்றிச் சில நிமிடங்களில் காணாமல் போகும். வேலைக்குப் போகிறவர் கணினி முன்னால் அதற்காகத் தவம் கிடக்க முடியாது. ஏஜென்ட்டின் மென்பொருள் கிடக்கும். ஆனால் அமெரிக்கத் தூதரகம் ஏஜென்ட்டுக்கென்று தேதிகளை ஒதுக்கித் தருவதில்லை. அவரிடம் விற்கச் சரக்கே கிடையாது. நாமாக நடித்து நம் கணக்குக்குள் நுழைவது ஒன்றே அவருக்குள்ள வழி. அதற்குத்தான் பாஸ்வேர்டும் பாதுகாப்புக் கேள்விகளுக்கான பதில்களும் கேட்கிறார். ரயிலில் தட்கல் டிக்கெட்டுக்குப் புரோக்கரிடம் போவதைப் போலத்தானே என்று தோன்றலாம். அங்கே டிக்கெட் செல்லாமல் போனால் ஒரு பயணம் போகும், அடுத்த வாரம் வேறு ரயில் பிடிக்கலாம். விசாவில் ஒரு நாட்டின் ஆவணத்தில் நம் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு ஏறுகிறது.

அந்தக் குறிப்பு எப்படி ஏறும்? அமெரிக்க விசாவுக்கு டிஎஸ்-160 என்ற இணையப் படிவம் உண்டு. பாஸ்போர்ட் எண், பெற்றோர் பெயர், வேலை, முந்தைய பயணங்கள், ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள் என்று குடும்பத்தாருக்கே தெரியாத விவரமெல்லாம் அதில் இருக்கும். வேறொருவர் நிரப்பலாம், ஆனால் கடைசியில் கையெழுத்துக்கான பொத்தானை, சிறுவர்கள் போன்ற சில விலக்குகள் தவிர, விண்ணப்பதாரரே அழுத்த வேண்டும் என்பது விதி. படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது. ஏஜென்ட் தன்னை மறைத்துக்கொள்ள அங்கே 'இல்லை' என்று தட்டினால், அந்தப் பொய்யைச் சொன்னவர் நாம். விசா எளிதில் கிடைக்கட்டும் என்று சம்பளத்தைக் கூட்டிப் போட்டாலோ, அமெரிக்காவிலுள்ள அண்ணனை இல்லாமல் ஆக்கினாலோ, பழைய நிராகரிப்பை விழுங்கினாலோ அதுவும் நாம் சொன்னதுதான். முக்கியமான உண்மையைத் திரித்து விசா பெற முயன்றதாக அதிகாரி முடிவெடுத்தால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 212(a)(6)(C)(i) பிரிவு விண்ணப்பதாரரை நிரந்தரமாகத் தகுதியற்றவர் ஆக்குகிறது. விலக்கு கேட்க வழி உண்டு. கிடைப்பது அதிகாரிகளின் விருப்பம். 'ஏஜென்ட் எழுதியது, எனக்குத் தெரியாது' என்பது நேர்காணல் சன்னலில் அவ்வளவாக எடுபடும் பதில் அல்ல. 2025 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதரகத்தின் புகாரின்பேரில் டெல்லி போலீஸ் போலி ஆவணங்கள் தொடர்பாக 30-க்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பதிந்தது. இந்த விவகாரம் தூதரக வளாகத்தோடு முடிவதில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இன்னொரு நஷ்டம் சத்தமில்லாமல் நடக்கும். ஏஜென்ட் முதலில் ஏதோ ஒரு தூரத்துத் தேதியைப் பிடித்துவைத்து, பிறகு முன்தேதி தட்டுப்படும்போது மாற்றுவார். 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் அமெரிக்க விசா விண்ணப்பதாரர் நேர்காணல் தேதியை ஒருமுறைதான் கட்டணமின்றி மாற்றலாம். அந்த ஒரு வாய்ப்பை ஏஜென்ட் தன் வசதிக்குச் செலவழித்துவிட்டால், அடுத்த மாற்றத்துக்குப் புதிதாகக் கட்டணம்: சுற்றுலா விசாவுக்கு 185 டாலர், திரும்பக் கிடைக்காது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவிலும் ஏறக்குறைய இதே கதைதான். அதன் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ; விண்ணப்பங்களைப் பெறும் விஎஃப்எஸ் நிறுவனம், அப்பாயின்ட்மென்ட்டுக்கென்று தனிக் கட்டணம் கிடையாது என்று திரும்பத் திரும்ப அறிவித்தும் அந்தத் தேதிகளுக்குச் சந்தை விலை இருக்கத்தான் செய்கிறது.

ஆங்கிலமும் கணினியும் பழக்கமில்லாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மகளின் பிரசவத்துக்கு நியூஜெர்சி போக வேண்டிய அறுபது வயதுத் தாயிடம் டிஎஸ்-160 படிவத்தை நீட்டி 'நீங்களே நிரப்புங்கள்' என்பது குரூரம். உதவி வாங்குவதில் தவறே இல்லை, காசு கொடுத்து வாங்கினாலும்கூட. படிவமே அதற்கு இடம் வைத்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டி, பதிலைக் கேட்டுத் தட்டி, உதவியவராகத் தன் பெயரையும் போடுகிறவர் உதவியாளர். வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் படத்தையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு 'மீதியை நான் பார்த்துக்கிறேன்' என்பவர் வேறு தொழில் செய்கிறார்.

ஏஜென்ட் இல்லாமல் தேதியே கிடைப்பதில்லை என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மருத்துவ அவசரம், நெருங்கிய உறவினரின் மரணம் போன்றவற்றுக்கு அவசர நேர்காணல் கேட்கும் வசதி கணக்குக்குள்ளேயே உண்டு, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தட்டுப்பாட்டின் ஒரு பங்கு ஏஜென்ட்கள் கையாலேயே உண்டாவது என்பதும் மறக்கக்கூடியதல்ல. பிடித்துவைத்துக் கைமாற்றப்படும் ஒவ்வொரு தேதியும் நேர்வழியில் காத்திருப்பவரின் வரிசையிலிருந்து உருவப்பட்டது. தூதரகங்களையும் சும்மா விட முடியாது. எப்போது ஸ்லாட் திறக்கும் என்பதை ரகசியமாக வைத்து ஜனங்களை இரவெல்லாம் விழிக்கவைக்கும் ஏற்பாடுதான் புரோக்கருக்குச் சோறு போடுகிறது. நேரம் குறித்துத் தேதிகளை விட்டிருந்தால், அல்லது விண்ணப்பித்த வரிசைப்படி தாமே ஒதுக்கியிருந்தால், இந்தத் தொழிலுக்குப் பாதி வேலை இருந்திருக்காது. அந்தக் கோபம் சரியானது. ஆனால் அதைத் தீர்த்துக்கொள்ளத் தன் கையெழுத்தை அடுத்தவரிடம் கொடுப்பதால் தூதரகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

'எங்கள் தெருவில் பத்துப் பேர் இப்படித்தான் போனார்கள், ஒன்றும் ஆகவில்லை' என்பார்கள். போனவர் ஊருக்குச் சொல்வார், தேதி ரத்தானவர் வாயைத் திறக்க மாட்டார். போனவர்களின் படிவங்களும் அழிந்துவிடவில்லை. ஏழு வருடம் கழித்து வேலை விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ விண்ணப்பிக்கும்போது பழைய பதிலும் புதிய பதிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும்.

உள்நாட்டுச் சட்டமும் இங்கே பெரிய துணையில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவருக்கு 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும்; இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயரைச் சரிபார்க்கலாம். தேதி எடுத்துத் தருகிறவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. மோசடி என்றால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணில் புகார் செய்யலாம். பணத்தைத் தேட அது உதவும். படிவத்தில் ஏறிய பொய்யை அது இறக்கிவைக்காது.

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டவர்கள் இன்றே செய்யக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. மின்னஞ்சல், விசாக் கணக்கு இரண்டின் பாஸ்வேர்டையும் பாதுகாப்புப் பதில்களையும் மாற்றுவது முதல் வேலை. பிறகு தன் பெயரில் போன டிஎஸ்-160-இன் முழுப் பிரதியை ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்கி, வரி வரியாகப் படிக்க வேண்டும். தவறு கண்ணில் பட்டால் சரியான விவரங்களோடு புதுப் படிவம் நிரப்பி, அதன் எண்ணும் அப்பாயின்ட்மென்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரதி தர முடியாது என்று ஏஜென்ட் மழுப்பினால், அந்தத் தேதியைக் கைவிட்டு மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிப்பதே மலிவு.