தம்பி கொச்சியில் காலேஜ் சேர்ந்திருக்கிறானா? உங்கள் காலத்து அட்வைஸ் ஏன் இப்போது செல்லாது?

நீங்கள் காக்கநாடு இன்ஃபோபார்க்கில் வேலை பார்க்கிறீர்கள். அந்த தைரியத்தில் வீட்டில் தம்பியையோ தங்கையையோ கொச்சியிலேயே டிகிரிக்குச் சேர்த்துவிட்டார்கள். மட்டாஞ்சேரி பக்கம் 1967ல் தொடங்கப்பட்ட கொச்சின் காலேஜாக இருக்கலாம், எறணாகுளம் நடுவில் 1875ல் கல்லூரியான மகாராஜாஸாக இருக்கலாம். "நீதான் பாத்துக்கணும்" என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

நீங்கள் என்ன சொல்லி அனுப்புவீர்கள்? "முதல் வருஷம் சும்மா ஜாலியா இரு, ஃபைனல் இயர்ல புடிச்சுக்கலாம்." நம்மில் பலர் அப்படித்தான் தேறி வந்தோம். ஆனால் கேரளாவில் 2024 ஜூலை 1 முதல் கலை, அறிவியல், வணிகப் படிப்புகள் நான்கு ஆண்டு முறைக்கு மாறிவிட்டன. இந்த முறையில் அந்த அட்வைஸைக் கேட்டு நடந்தால், கதவு ஒன்று சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும்.

என்ன மாறியிருக்கிறது?

மூன்று ஆண்டு முடித்தால் சாதாரண டிகிரி. அதற்கு 133 கிரெடிட் வேண்டும். நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ், 177 கிரெடிட். அதிலேயே ஆராய்ச்சியோடு கூடிய ஆனர்ஸ் என்று இன்னொன்று உண்டு. அதற்கு முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீத மதிப்பெண் இருக்க வேண்டும். முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு முடித்து சர்டிஃபிகேட், டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியேறும் வழி தேசியக் கல்விக் கொள்கையில் இருக்கிறது. கேரளா அதை ஏற்கவில்லை. மூன்றாம் ஆண்டுக்கு முன்னால் கிளம்பினால் கையில் பட்டம் இருக்காது.

முதல் ஆறு செமஸ்டர் என்ற இடத்தைக் கவனியுங்கள். முதல் செமஸ்டரும் அந்தக் கணக்கில் வருகிறது. பதினேழு பதினெட்டு வயதில், புது ஊரில், மொழி பிடிபடாமல் தட்டுத்தடுமாறி எழுதும் அந்த முதல் பரீட்சையின் மார்க், மூன்று வருடம் கழித்து நான்காம் ஆண்டில் எந்த வாசல் திறக்கும் என்பதில் பங்கு கேட்கும். நான்கு ஆண்டுப் பட்டத்தில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலேயே நெட் எழுதலாம், பிஎச்.டி.க்குப் போகலாம் என்று யுஜிசி 2024ல் சொல்லிவிட்டது. அதனால் இந்த 75 சாதாரண எண் இல்லைங்க.

இன்டர்னலில்தான் விஷயமே இருக்கிறது

ஒரு பாடத்துக்கு 100 மார்க் என்றால், 30 வகுப்பிலேயே போடப்படும் இன்டர்னல். 70தான் செமஸ்டர் பரீட்சை. இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் அசைன்மென்ட், செமினார், டெஸ்ட் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்து இன்டர்னலில் 26 வாங்குகிறான். 75ஐத் தொட அவனுக்குப் பரீட்சையில் 49 போதும், அதாவது 70 சதவீதம். இன்னொருவன் "பரீட்சைல அள்ளிடலாம்" என்று இருந்து 12 வாங்குகிறான். அவனுக்கு 70க்கு 63 வேண்டும், 90 சதவீதம். படிப்பில் இருவரும் சமமாகவே இருக்கலாம். ஆனால் பின்னவன் ஒவ்வொரு பாடத்திலும் டாப்பர் போல எழுதியாக வேண்டும்.

அசைன்மென்ட்டை கடைசி நாள் ராத்திரி செயற்கை நுண்ணறிவு செயலியில் தட்டி எடுக்கும் பழக்கம் இன்று எல்லோருக்கும் இருக்கிறது. நம் ஆபீஸிலும் நடப்பதுதான். ஆனால் அந்த அசைன்மென்ட்டைப் பற்றி வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டால் பதில் வர வேண்டுமே. முப்பது பேர் இருக்கிற வகுப்பில் யார் எழுதியது, யார் ஒட்டியது என்று ஆசிரியருக்குத் தெரியாது என்று நினைப்பது வெகுளித்தனம்.

அட்டெண்டன்ஸ்: வாரம் ஒரு மணி நேரம்தான் சலுகை

ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு. நான்கு கிரெடிட் தியரி பாடம் என்றால் 60 மணி நேரம். 75 சதவீத வருகை வேண்டும் என்றால் 45 மணி நேரம் உட்கார வேண்டும், 15 மணி நேரம் விடலாம். கேட்க நிறைய போலத் தெரியும். செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்தால், அந்தப் பாடத்தில் வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம்.

வெளியூர்ப் பிள்ளைகள் மாட்டுவது இங்கேதான். வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பி ரயில் பிடிப்பது, திங்கட்கிழமை காலை ரயில் லேட் என்று முதல் ஹவரை விடுவது. வெள்ளி மதியமும் திங்கள் முதல் ஹவரும் டைம்டேபிளில் பெரும்பாலும் அதே பாடங்கள்தான். வாராவாரம் ஊருக்குப் போனால் அந்தப் பாடத்தின் சலுகை முழுக்கத் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு காய்ச்சல் வரக்கூடாது. மருத்துவக் காரணத்துக்கு காண்டொனேஷன் உண்டு, ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. டைம்டேபிள் கைக்கு வந்த அன்றே இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுங்கள். "மாசம் ஒரு தடவை வா" என்று அம்மாவிடம் சொல்ல வைப்பதும் உங்கள் வேலைதான்.

இதோடு ஒட்டியது, தங்குமிடம். காசு மிச்சம் என்று தம்பியை உங்கள் காக்கநாடு ரூமிலேயே தங்க வைத்துவிடாதீர்கள். அங்கிருந்து மட்டாஞ்சேரி நகரத்தின் மறுகோடி. நடுவில் வைற்றில டிராஃபிக் இருக்கிறது. முதல் ஹவர் தினமும் போகும். மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, தோப்பும்படி வட்டாரத்திலேயே இடம் பாருங்கள். தனியார் பஸ்ஸில் மாணவர் கட்டணம் குறைந்தபட்சம் 1 ரூபாய். 2022ல் மற்றவர்களுக்கு டிக்கெட் ஏறியபோதும் மாணவர்களுக்கு ஏற்றவில்லை. அதனாலேயே ஸ்டாப்பில் மாணவர் கூட்டத்தைப் பார்த்தால் சில பஸ் நிற்காமல் பறக்கும், கண்டக்டர் முகம் கடுக்கும். அடையாள அட்டையை நீட்டிவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான், அது சலுகை அல்ல, உரிமை. எறணாகுளம் போக படகும் இருக்கிறது. அரசு நீர்ப் போக்குவரத்துத் துறை போட்டில் பத்து ரூபாய்க்குள் காயலைக் கடந்துவிடலாம்.

மலையாளம் புரியுமே, அப்புறம் என்ன?

புரியும் என்ற நம்பிக்கைதான் முதல் மாதம் கவிழ்க்கும். "வெள்ளம் வேணோ?" என்றால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அர்த்தம். "விஷமம்" என்றால் குறும்பு இல்லை, வருத்தம். ஊர்ப் பெயரில் "பட்டி" இருந்தால் வகுப்பே சிரிக்கும். அங்கே பட்டி என்றால் நாய். இதெல்லாம் ஒரு வாரச் சிரிப்பு, அதோடு சரி. சீனியரை சேட்டா, சேச்சி என்று கூப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. வெளியில் உள்ள தோபி கானாவில் துணி வெளுக்கும் வண்ணார் சமூகத்தினர் அவர்களில் ஒரு பிரிவு. குஜராத்தியும் கொங்கணியும் தெருவுக்குத் தெரு கேட்கும் ஊர் அது. வேற்று மொழிக்காரனைப் பார்த்து ஆச்சரியப்படும் இடமில்லை.

ஆனால் சிரிப்பு ஓரிடத்தில் நின்றுவிட வேண்டும். தமிழர்களைக் கேவலமாகக் குறிக்க "பாண்டி" என்ற சொல் அங்கே புழக்கத்தில் இருப்பது உங்களுக்கே தெரியும். நண்பன் ஒருமுறை கிண்டலாகச் சொல்வது வேறு. ஹாஸ்டல் அறையில் நிற்க வைத்து, தினமும் அதே பெயரில் கூப்பிட்டு, தமிழில் பாடு, ஆடு என்பது வேறு. பின்னது ராகிங். யுஜிசி 2016ல் தன் விதியைத் திருத்தியபோது மொழி அடையாளம், பிறந்த இடம், பிராந்தியம், நிறம், சாதி, தோற்றம், பொருளாதார நிலை ஆகியவற்றை வைத்து உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதையும் ராகிங் என்று சேர்த்துவிட்டது. "சும்மா வெளையாட்டுக்குத்தான்" என்ற பதிலுக்கு அங்கே இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1996ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டதை உங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. கேரளா 1998ல் கொண்டுவந்தது. கேரளச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டிக்கப்பட்டவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், மூன்று ஆண்டுக்கு வேறெங்கும் சேர முடியாது. புகார் வந்தால் ஏழு நாளில் முதல்வர் விசாரிக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் அவரே உடந்தையாகக் கருதப்படுவார்.

புகாரை மாணவனே கொடுக்க வேண்டும் என்று இல்லை. அண்ணனாக, அக்காவாக நீங்கள் கொடுக்கலாம். தேசிய ஹெல்ப்லைன் 1800-180-5522, 24 மணி நேரமும் இயங்கும். இந்த நம்பரை உங்கள் போனிலும் சேமித்து வையுங்கள். அவன் போனை சீனியர் வாங்கி வைத்துக்கொள்ளும் நாளில் அது உதவும்.

முதல் வருடம் தாண்டினால் ஆபத்து போய்விடும் என்பதும் தவறு. 2024 பிப்ரவரியில் வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலில் இறந்துகிடந்த சித்தார்த்தன் இரண்டாம் ஆண்டு மாணவர். சக மாணவர்கள் அவரைத் தாக்கித் துன்புறுத்தியதாக வழக்கு. அதனால் "எப்படிடா இருக்க?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். யாரோடு சாப்பிட்டாய், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேளுங்கள். தனியாகச் சாப்பிடுகிறான், தூக்கமில்லை, போன் எடுப்பதில்லை என்றால் ஒரு சனிக்கிழமை நேரில் போய்விடுங்கள். மனம் விட்டுப் பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416; தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

காம்பஸ் அரசியல்: தள்ளி நில் என்று சொல்வதா?

தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் தேர்தல் என்பதே இல்லை. கேரளாவில் சேர்ந்த முதல் நாளே வாசலில் கொடியோடு வரவேற்பார்கள். ஹாஸ்டல் இடம், ஃபீஸ் கெடு, சான்றிதழ் சிக்கல் என்று முதலில் உதவிக்கு வருவதும் பல சமயம் அவர்கள்தான். இதே காம்பஸ்களில்தான் 2018 ஜூலை 2ல் மகாராஜாஸ் கல்லூரியில் அபிமன்யு குத்திக் கொல்லப்பட்டார். 20 வயது, வேதியியல் இரண்டாம் ஆண்டு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வட்டவடையிலிருந்து வந்தவர். முதலாம் ஆண்டு மாணவர்களை வரவேற்று யார் சுவரில் எழுதுவது என்ற தகராறு அது.

என்னைக் கேட்டால், "போகவே போகாதே" என்பது எடுபடாத அறிவுரை. கூட்டத்தில் உட்காரட்டும், விவாதம் கேட்கட்டும், ஓட்டுப் போடட்டும். பெயர் எழுதிக்கொடுப்பதை முதல் செமஸ்டர் முடிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரவில் போஸ்டர் ஒட்டவோ, சண்டையில் "சும்மா கூட நிக்கவோ" போகக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். போலீஸ் பட்டியலில் கூட நின்றவன் பெயரும் வரும். தேர்தலில் நிற்க ஆசைப்பட்டால், லிங்டோ கமிட்டி விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும், அந்த ஆண்டு அரியர் இருக்கக்கூடாது. அங்கே அரியருக்கு "சப்ளி" என்று பெயர்.

இப்போதே முடிக்க வேண்டிய இரண்டு வேலை

மேஜர் பிடிக்கவில்லை என்றால் இரண்டாம் செமஸ்டர் முடிவில் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, இடம் காலியாக இருந்தால். மைனராக எடுக்கும் பாடத்தை, தேவைப்பட்டால் மேஜராக்கும் யோசனையோடு முதல் செமஸ்டரிலேயே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "ஈஸியா மார்க் வரும்" என்று நண்பன் எடுத்ததை எடுத்தால் அந்த வழி அடைபடும்.

அடுத்தது பெயர். கிரெடிட் எல்லாம் அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கில் ஏறும்; அதை டிஜிலாக்கர் வழியாகத் திறக்க ஆதார் பெயர் பொருந்த வேண்டும். நம் ஊர் சிக்கல் உங்களுக்குத் தெரியும்: பிளஸ் டூ மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. எது எப்படி இருக்கிறது என்று இந்த வாரமே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கள். மார்க் ஷீட்டை மாற்ற அலைவதைவிட அது சுலபம்.