வால்வு மாறும், ட்ரான்ஸ்பார்மர் மாறாது

ஓசூர் சிப்காட்டில் ட்ரான்ஸ்பார்மர் சுற்றுவது என் பிழைப்பு. மெஷின் பேனலுக்குப் போகிற சின்ன ட்ரான்ஸ்பார்மர், ஸ்டெபிலைசர், எப்போதாவது பழைய ரேடியோ, மைக் செட் ரிப்பேர். சில வருஷங்களாக வேறொரு கூட்டமும் வருகிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஓசூரில் ஃப்ளாட், வீட்டில் இசைத்தட்டு கேட்கிற ஆசை. போனை நீட்டி, "அண்ணா, மெக்கின்டோஷ் வாங்கலாமா, ஆடியோ ரிசர்ச்சா, பிரைமாலூனாவா?" என்பார்கள். எல்லாம் வால்வு ஆம்ப்ளிஃபயர் பிராண்டுகள். எல்லாப் படத்திலும் வால்வின் கண்ணாடிக் குடுவை ஆரஞ்சு நிறத்தில் எரியும். நான் முதலில் கேட்பது, "தம்பி, எடை எவ்வளவுன்னு போட்டிருக்கான்?"

சிரிப்பார்கள். ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது: எடை என்றால் ட்ரான்ஸ்பார்மர். வால்வு என்பது அதிக வோல்டேஜில் கொஞ்சம் கரண்ட் ஓடுகிற சாமான். ஸ்பீக்கருக்கு வேண்டியது நேர் எதிர்: குறைந்த வோல்டேஜ், நிறைய கரண்ட். இஎல்84 என்ற வால்வை ஜோடியாகப் போட்டால் அது தனக்கு எதிரே சுமார் 8,000 ஓம் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்பீக்கரில் இருப்பதோ 8 ஓம். நடுவில் 32 சுற்றுக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் ஒரு அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் வேண்டும். டிவிஎஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு 'கியர் பாக்ஸ்' என்று ஒரே வார்த்தையில் சொன்னேன், புரிந்துகொண்டார். வாசிக்கிற வீணை, பாடுகிற குரல் எல்லாம் அந்த இரும்பு வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போயாக வேண்டும். வால்வை ஐந்து நிமிஷத்தில் மாற்றலாம். ட்ரான்ஸ்பார்மர் வாங்கினது வாங்கினதுதான்.

இதற்கு எனக்குச் சாட்சி நம் ஊர் மைக் செட்தான். சந்திரசூடேஸ்வரர் கோயில் தேருக்கு விடிய விடிய பாடிய பழைய ஆம்ப்களைத் திறந்தால் உள்ளே இஎல்34 வால்வு இருக்கும். லட்சக்கணக்கில் விலை சொல்லும் ஆம்பிலும் அதே இஎல்34. ஆனால் மைக் செட்டின் ட்ரான்ஸ்பார்மர் புனல் ஸ்பீக்கருக்காகச் சுற்றியது. குரல் எட்டூருக்குக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பியும் கேட்காது, ஜால்ராவின் சன்னமும் கேட்காது.

இரண்டும் கேட்க வேண்டுமென்றால் சுற்றுகிறவனுக்கு இழுபறி. கீழ் சுருதிக்கு நிறைய சுற்றும் பெரிய இரும்புக் கோரும் வேண்டும். சுற்று ஏறினால் மேல் சுருதி மழுங்கும். அதனால் வால்வு பக்கச் சுற்றான பிரைமரியை ஐந்து துண்டாக, ஸ்பீக்கர் பக்கச் சுற்றான செகண்டரியை நாலு துண்டாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக, நடுநடுவே இன்சுலேஷன் பேப்பர் வைத்து ஏற்றுவோம். முடியளவு எனாமல் கம்பி இடது கை விரலுக்கு நடுவே ஓடும்; ஒரு சுற்று மேலேறி விழுந்தால் அந்த லேயரே பிரிக்க வேண்டியதுதான். ஒரு பாபின் முடிய ஒரு நாள் போய்விடும். விலையில் பாதி இங்கே இருக்கிறது.

மெக்கின்டோஷ் மேல் எனக்கு மரியாதை வந்ததும் இதனால்தான். அமெரிக்காவில் 1949ல் தொடங்கிய கம்பெனி. ஃபிராங்க் மெக்கின்டோஷும் கோர்டன் கவ்வும் சேர்ந்து, வால்வின் பிளேட்டுக்கு ஒரு கம்பி, கேத்தோடுக்கு ஒரு கம்பி என்று இரண்டையும் ஒட்டியபடியே ஒன்றாகச் சுற்றுகிற முறையை உருவாக்கினார்கள்; அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. சொல்ல எளிது. பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும் அந்த இரண்டு கம்பிக்கும் நடுவே நானூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். எனாமலில் ஒரு கீறல் இருந்தால் கதை முடிந்தது. 1961ல் வந்த எம்சி275 இந்த முறையில்தான் நாலு கேடி88 வால்வில் சானலுக்கு 75 வாட் எடுத்தது. இன்றும் அதன் புதிய பதிப்பு விற்கிறது, எடை சுமார் 30 கிலோ. இங்கிலாந்தின் குவாட் 1953ல் கொண்டுவந்த குவாட் டூ, இரண்டு கேடி66 வைத்து 15 வாட்தான். அதிலும் கேத்தோடுக்குத் தனிச் சுற்று உண்டு. சின்ன ஹாலுக்கு அது போதும்.

ஜப்பான்காரர்கள் போன வழி வேறு. ஹிரோயாசு கோண்டோ 1989ல் செய்த ஒங்காகு ஆம்பில் 211 என்ற டிரான்ஸ்மிட்டர் வால்வு, ட்ரான்ஸ்பார்மரில் செம்புக்குப் பதில் வெள்ளிக் கம்பி. வீடு வாங்குகிற விலை. வெள்ளி செம்பைவிட ஆறு சதவீதம்தான் நன்றாக மின்சாரம் கடத்தும். ஒரு கேஜ் தடித்த செம்பு போட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடும் என்பது என் கட்சி. ஒலியில் வித்தியாசம் உண்டு என்று கேட்டவர்கள் சத்தியம் செய்கிறார்கள்; நான் சண்டைக்குப் போகவில்லை. 300பி வால்வு ஒன்றே ஒன்று வைத்த ஆம்ப்களும் இந்த ஜாதி: கிடைப்பது எட்டு வாட் அளவுதான். ஒற்றை வால்வென்றால் கோரைச் சுற்றிய கம்பியில் டிசி கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அது தகட்டை நிரப்பிவிடாமலிருக்க இடைவெளி விட்டு, கோரைப் பெரிதாக்க வேண்டும். எட்டு வாட் ஆம்ப் பாறாங்கல்லாக இருப்பது அதனால்தான்.

எட்டு வாட் போதுமா என்பதை ஸ்பீக்கர்தான் சொல்லும். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 3 டெசிபல் கூடினால் பாதி வாட் போதும். 95 டெசிபல் ஸ்பீக்கரில் எட்டு வாட் தருகிற சத்தத்துக்கு 86 டெசிபல் ஸ்பீக்கரில் 64 வாட் வேண்டும். பிராண்டு கேட்டு வருகிற பாதிப் பேருக்கு இந்த எண் தெரிவதில்லை. ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வரச் சொல்வேன்.

மற்ற பெயர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடியோ ரிசர்ச், 1970ல் மினசோட்டாவில் தொடங்கியது. வால்வு செத்துப்போச்சு என்று எல்லோரும் டிரான்சிஸ்டருக்கு ஓடிய காலத்தில் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள். கான்ராட் ஜான்சனைத் தொடங்கிய இருவரும் பொருளாதாரம் படித்தவர்கள். ஏர் டைட், லக்ஸ்மேன் கம்பெனியிலிருந்து வெளியே வந்தவர் 1986ல் ஆரம்பித்தது. உள்ளே வயரிங் பார்த்தால் சாமி கும்பிடத் தோன்றும். நம் ஊர் நிலவரத்துக்கு நான் சொல்வது பிரைமாலூனா. நெதர்லாந்தில் யோசித்து சீனாவில் செய்வது. வால்வுக்கு ஓடுகிற கரண்டைத் தானே சரிசெய்துகொள்ளும்; இஎல்34 கழற்றி கேடி88 போடலாம். சாயங்காலம் மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கி, ராத்திரி ஏறுகிற ஊரில் இது பெரிய உபகாரம்.

ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்ட் வரவழைப்பவர்கள் பின்பக்க எழுத்தை முதலில் படிக்கணும். உள்ளூருக்காகச் செய்தது 100 வோல்ட். நேராக நம் 230ல் சொருகி, பவர் ட்ரான்ஸ்பார்மர் கருகி என்னிடம் வந்த ஒன்றை ஒரு நாள் முழுக்கப் பிரித்தேன். ஸ்டெப் டவுன் சுற்றித் தருவது அதைவிட மலிவு.

வால்வு எங்கே கிடைக்கும் என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஒரு காலத்தில் பதிலுக்கு எல்லை தாண்டி அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர் போனால் போதுமாயிருந்தது. பெங்களூர் ஜாலஹள்ளியில் 1954ல் தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1961ல் பிலிப்ஸ் துணையோடு ரேடியோ வால்வு செய்தது. 'பெல்' முத்திரை போட்ட இஎல்84, இசிசி83 எல்லாவற்றையும் இன்று வெளிநாட்டுக்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய ஸ்டாக் இன்னும் தென்படும்; டெஸ்டரில் போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புது வால்வு இப்போது ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வருகிறது. 2022ல் உக்ரைன் போர் வந்ததும் ரஷ்ய வால்வு விலை எகிறியது. ஆகவே இஎல்34, கேடி88, 6எல்6 மாதிரி எல்லோரும் செய்கிற வால்வு வைத்த ஆம்பாகப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்பீக்கர் வயர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஆன் செய்து பாட்டு போடாதீர்கள். போக இடமில்லாத சக்தி பிரைமரியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறி இன்சுலேஷனைக் கிழித்துவிடும். பார்ட்டியில் யாரோ வயரைத் தட்டிவிட்டார்கள் என்ற கதையோடு என் மேஜைக்கு வருகிற அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர்கள்தான் அதிகம்.