ஒன்பதாம் நாள் மலரும் புறா
உருவொத்த காட்டு ஆர்க்கிடுகளைப் பிரித்தறிவது எப்படி?

நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். கடும் வெயிலுக்குப் பின் ஒருநாள் பிற்பகலில் இடியும் மழையுமாகக் கொட்டும். பிறகு சில நாள்கள் வழக்கம்போல் கழியும். ஒரு விடியற்காலை, வாளியும் கத்தியுமாகப் பால் வெட்டப் புறப்படுவோர் தோட்டச் சாலைக்கு வந்தால், அங்கு நிற்கும் பழைய தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். நறுமணம் காற்றில் கலந்து வரும். அன்று இரவுக்குள் அத்தனை மலரும் வாடிவிடும்.

பூத்தது மரமன்று, மரத்தின்மேல் தொற்றி வாழும் ஆர்க்கிட் செடி. நம்மவர் பலர் இதனைப் புல்லுருவி என்று கருதி அறுத்தெறிவதுண்டு. அது தவறு. புல்லுருவி மரத்துக்குள் வேர் செலுத்தி அதன் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தினிடம் இருப்பிடம் மட்டுமே கேட்கிறது. நீரையும் சத்தையும் மழையிலிருந்தும் பட்டையில் சேரும் மட்கிலிருந்தும் பெறுகிறது.

இச்செடியை மலாய் மக்கள் புறா ஆர்க்கிட் என்னும் பொருளில் ‘அங்கெரிக் மெர்பாத்தி’ என்பர். பறக்கும் வெண்புறாவை ஒத்த தோற்றத்தால் வந்த பெயர் அது. 1799இல் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் சுவார்ட்ஸ் இதற்கு ‘டென்ட்ரோபியம் குருமெனாட்டம்’ எனப் பெயர் சூட்டினார். முதற்சொல் மரத்தில் வாழ்வது என்றும், அடுத்த சொல் பணப்பை உடையது என்றும் பொருள்படும். மலரின் அடியிலுள்ள சிறு பை போன்ற பகுதியே அப்பெயருக்குக் காரணம்.

உருவத்தால் பிரித்தல்

டென்ட்ரோபியம் பெருங்குடும்பம். அதன் உறவினங்களைப் பிரித்தறிய முதலில் இலையையும், அடுத்து மலர் தோன்றும் இடத்தையும் நோக்கவேண்டும். புறா ஆர்க்கிடின் தண்டு அடிப்பகுதியில் நூற்கும் கதிர்போல் பருத்திருக்கும். நடுப்பகுதியில் தட்டையான தடித்த இலைகள் இருக்கும். நுனிப்பகுதியோ இலையின்றி மெலிந்து நீளும். வெள்ளை மலர்கள் அந்த மெலிந்த பகுதியில்தான் தோன்றும். மலரின் உதட்டில் மஞ்சள் திட்டு ஒன்று காணப்படும். இதன் உறவினமாகிய ‘செட்டிஃபோலியம்’ என்பதன் இலை தட்டையன்று. பெயருக்கேற்ப மயிர் ஊசி போன்றது. எனவே இவ்விரண்டையும் பூக்காத காலத்திலும் பிரித்துவிடலாம்.

மற்றொரு கிளையைச் சேர்ந்த ‘லியோனிஸ்’, ‘அலோயிஃபோலியம்’ என்னும் சிறு செடிகள் இரண்டும் பின்னிய சடைபோல் அடுக்கிய தடித்த இலைகளை உடையவை. புதிதாகப் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றென்றே சொல்வர். லியோனிஸின் மலர் இலையடர்ந்த தண்டின் நுனியருகே மலர்ந்து, வெனிலா மணம் வீசும். அலோயிஃபோலியத்தின் மலரோ மிகச் சிறியது. இலையற்று நீண்ட நுனித்தண்டில் தோன்றும்.

நாளால் பிரித்தல்

இலையும் மலரும் ஐயம் தரும் உறவினங்களும் உண்டு. அங்கே நாள்காட்டி துணைக்கு வருகிறது.

புறா ஆர்க்கிடின் மொட்டுகள் ஓரளவு வளர்ந்தபின் உறங்கிக் கிடக்கின்றன. பெருமழையால் காற்றின் வெப்பம் திடீரென ஏறத்தாழ 5 பாகை செல்சியஸ் குறைந்தால் அவை விழித்துக்கொள்கின்றன. விழிக்கச் செய்வது மழைநீரன்று, குளிர்ச்சியே என்பதை 1920களில் ஜாவாத் தீவில் ஆராய்ந்த கோஸ்டர் போன்றோர் விளக்கினர். அன்றிலிருந்து ஒன்பதாம் நாள், அவ்வட்டாரத்துச் செடிகளெல்லாம் ஒருசேர மலர்கின்றன.

அதே மழையில் அதன் உறவினங்களும் விழிக்கின்றன. ஆனால் அவை எடுத்துக்கொள்ளும் நாள்கள் வேறு. ஓர் இனம் எட்டாம் நாளும், மற்றொன்று ஒன்பதாம் நாளும், இன்னொன்று பத்தாம் அல்லது பதினோராம் நாளும் பூக்கும் என்பது உயிர்நூலார் பெரிதும் எடுத்துக்காட்டும் உண்மை. திங்கட்கிழமை மழை பெய்ததாகக் கொள்வோம். முதலினம் அடுத்த வாரச் செவ்வாயன்றும், இரண்டாவது புதனன்றும், மூன்றாவது வியாழன் அல்லது வெள்ளியன்றும் மலரும். ஒன்று விரியும்போது மற்றொன்று வாடியிருக்கும், அல்லது மொட்டாக இருக்கும். ஆகவே ஒரே கிளையில் அடுத்தடுத்து வாழ்ந்தாலும் அவற்றின் மகரந்தம் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒருநாள் இடைவெளியே அவற்றுக்கிடையே மதிலாக நிற்கிறது.

குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதைக் கேட்டு வியக்கும் நாம், நம் தலைக்குமேல் நாளெண்ணிப் பூக்கும் இச்சிறு செடியைக் கவனித்தோமா?

ஒருசேரப் பூப்பதற்கும் காரணம் உண்டு. இம்மலர் தன் செடியின் மகரந்தத்தால் பெரும்பாலும் காய்ப்பதில்லை. மலருக்கு ஆயுள் ஒரே நாள். அந்நாளில் அடுத்த செடியும் பூத்திருந்தால்தான் தேனீயால் பயன் உண்டு.

நாம் செய்யக்கூடியது

ஹோல்ட்டம் 1953இல் வெளியிட்ட மலாயா ஆர்க்கிட் நூல் இன்றும் ஆய்வாளருக்கு வழிகாட்டி. ஆயினும், எந்தத் தோட்டத்தில் எந்நாள் மழை பெய்தது, எந்நாள் பூத்தது என்பதை எந்த நூலும் சொல்ல இயலாது. ஒரு தோட்டத்தில் கொட்டும் மழை அடுத்த தோட்டத்தை நனைக்காமல் போவதுண்டு. விடியலில் விரிந்து இரவில் வாடும் மலரைக் காண, விடியலில் மரத்தடியில் நிற்பவரே வேண்டும். அந்த வாய்ப்பு தலைமுறை தலைமுறையாக நம்மவருக்கு இருந்தது. இன்று பால்மரங்கள் பல செம்பனைக்கு இடம்விட்டன. நம் குடும்பங்கள் பலவும் தோட்டங்களைவிட்டு நகரங்களுக்குப் பெயர்ந்தன. சாலையோரப் பழைய மரம் ஒன்று சாய்ந்தால், அதன்மேல் இருந்தவை இன்னவை என்று அறியப்படாமலேயே அழிகின்றன.

எனவே எஞ்சியுள்ள மரங்களின் அருகே வாழ்வோர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வது நன்று. மழை நாள், பூத்த நாள், இலையின் வடிவு, மலர் தோன்றிய இடம் ஆகிய நான்கையும் எழுதுக. செடியைப் பறிக்கவேண்டா; ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. அடுத்த பெருமழை பெய்தவுடன் நாள்காட்டியில் ஒரு கோடிடுங்கள். எட்டாம் நாள் விடியலிலிருந்து அண்ணாந்து பாருங்கள்.